சிறு டிராக்டரைச் சாய்பலகை வழியே டிரெய்லரில் ஏற்றுவது எப்படி?

வடசென்னைப் பகுதியில் மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கம் சிறு டிராக்டர் வைத்திருப்பவர்களில் பலர், மீஞ்சூர், பொன்னேரி வயல்களுக்கு வாடகை உழவுக்குப் போகும்போது வண்டியைச் சாலையில் ஓட்டிச் செல்வதில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஓடும் சாலையில் மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஊர்ந்து செல்வது ஆபத்தானது. தார்ச்சாலையில் டயர் பட்டனும் வீணாகத் தேயும். ஆகவே பிக்கப் வண்டிக்குப் பின்னால் தாழ்வான டிரெய்லரை மாட்டி, அதன்மேல் டிராக்டரை ஏற்றிக் கொண்டு போகிறார்கள். இது நல்ல வழிதான். ஆனால் சாலையில் தவிர்த்த ஆபத்து முழுவதும் அந்த இரண்டு சாய்பலகைகளின்மேல் வந்து குவிந்துவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏற்றும் வேலையில் முக்கால் பங்கு, டிராக்டரின் எஞ்சினை முடுக்கும் முன்பே தரையில் நின்று முடிக்க வேண்டிய வேலை என்பது என் உறுதியான எண்ணம். இருக்கையில் ஏறி உட்கார்ந்த பிறகு ஓட்டுநர் தன் திறமையால் சரிசெய்யக் கூடியவை மிகக் குறைவு.

இதை நான் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில், எங்கள் தெருமுனையில் ஒருவர் டிராக்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். முன்சக்கரங்கள் டிரெய்லரின் தளத்தைத் தொட்டுவிட்டன; பின்சக்கரங்கள் பலகையின் நடுவில் இருந்தன. அந்த நொடியில் டிரெய்லரின் வால்பகுதி தரையை நோக்கி அமுங்க, கொக்கிப் பக்கம் மேலெழுந்து பிக்கப்பின் பின்புறத்தையே தூக்கியது. பெரும்பாலான வண்டிகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், அச்சக்கரங்கள் தரையை விட்டதும் மொத்த வரிசையும் இரண்டடி பின்னோக்கி நகர்ந்தது. ஒரு பலகை நழுவி விழுந்தது. ஓட்டுநர் எதிர்ப்புறமாகக் குதித்துத் தப்பினார். அவர் பல ஆண்டு அனுபவமுள்ளவர். ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை. டிரெய்லரின் வாலுக்கு அடியில் முட்டு கொடுக்காததுதான் பிழை.

எனவே முட்டிலிருந்தே தொடங்குகிறேன். டிரெய்லரைப் பிக்கப்போடு இணைத்து, கொக்கியின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்து, பாதுகாப்புச் சங்கிலியையும் மாட்டிய பிறகே ஏற்றத் தொடங்க வேண்டும். கழற்றி நிறுத்திய டிரெய்லரில் ஒருபோதும் ஏற்றக் கூடாது. அடுத்து, பலகை மாட்டும் இடத்துக்கு நேர் கீழே, இடம் வலம் இரண்டு பக்கமும், டிரெய்லரின் சட்டத்துக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இதற்கு உதவா. பாரம் ஓரத்தில் விழுந்தால் அவை நொறுங்கிவிடும். கட்டை அடுக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மர ஆப்பு ஒன்றைச் செருகி வைப்பது நல்லது. டிராக்டர் ஏறியதும் டிரெய்லரின் ஸ்பிரிங் அமர்ந்து கட்டை இறுகிக்கொள்ளும். ஆப்பு இருந்தால் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டி எளிதாக எடுத்துவிடலாம். பிக்கப்பின் நான்கு சக்கரங்களுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் தடைக்கட்டை போட வேண்டும். பிக்கப்பை அணைத்து, கியரில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துவிட வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அவசரம் கூடாது. எண்ணூர்ப் பக்கத்து மணலில் பலகையின் கால் புதையும். ஒரு பலகை மட்டும் இரண்டு விரற்கடை கூடுதலாகப் புதைந்தாலே டிராக்டர் ஒருபுறம் சாய்ந்துவிடும். மணலைத் தவிர்க்க முடியாவிட்டால் பலகையின் அடிமுனைக்குக் கீழே அகலமான தடித்த மரப்பலகையைப் போட வேண்டும். லாரிகள் உரசிச் செல்லும் சாலையோரமும் ஏற்ற இடமில்லை. ஓட்டுநரின் கவனம் பலகையில் இருக்க வேண்டுமே தவிரப் பின்னால் வரும் ஹாரன் ஒலியில் இருக்கக் கூடாது. செங்குன்றம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்குள்ள அரிசி ஆலைகளின் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் சமதளமானது, உறுதியானது. நெல் இல்லாத வேளையில், பழக்கமுள்ள ஆலைக்காரரிடம் அரை மணி நேரம் அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சாய்பலகைகளும் அவற்றின் சாய்வும்

சாய்வை அளக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: டிரெய்லர் தளத்தின் உயரத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு நீளம் பலகைக்கு இருக்க வேண்டும். தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் பலகை 240 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ எட்டடி இருக்க வேண்டும். அப்போது சாய்வு 14 டிகிரிக்குச் சற்று மேலே அமையும். தூக்கி வைக்க எளிதாக இருக்கிறதே என்று ஆறடிப் பலகையைப் பயன்படுத்தினால் சாய்வு 19 டிகிரியைத் தாண்டிவிடும். இரண்டடி நீளம் குறைந்ததற்கு ஐந்து டிகிரி விலை. டிராக்டர் பின்னோக்கிக் கவிழும் ஆபத்தைப் பொறுத்தவரை அந்த ஐந்து டிகிரி மிகப் பெரிது. இதே கணக்கின்படி, 120 சென்டிமீட்டர் உயரமுள்ள லாரித் தளத்தில் ஏற்றுவதற்குப் பதினாறடிப் பலகை வேண்டும். அது கையில் இல்லாதபோது எட்டடிப் பலகையைக் கொண்டு லாரியில் ஏற்றும் வழக்கத்தை நான் ஏற்க மாட்டேன். மேட்டு நிலமோ உறுதியான கரையோ அருகில் இருந்தால், டிரெய்லரின் வாலை மேட்டை நோக்கித் திருப்பி நிறுத்தி, பலகையின் அடிமுனையை மேட்டின்மேல் வைத்துச் சாய்வைக் குறைத்துக்கொள்ளலாம்.

பலகை தாங்கும் எடையைப் பார்க்கும்போது, தகட்டில் குறிப்பிட்டிருக்கும் அளவு ஒரு பலகைக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகைச் சிறு டிராக்டர்கள் பெரும்பாலும் 650 கிலோவிலிருந்து 1,100 கிலோ வரை எடையுள்ளவை. பின்டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் இன்னும் கூடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான் என்பதால், எட்டடிப் பலகையில் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் நிற்கும் நிலை வரும். வண்டியின் முழு எடையைப் போல் இரண்டு மடங்கைத் தாங்கும் இணையை வாங்குவதே பாதுகாப்பு. சி சேனல் (சி வடிவ இரும்பு) சட்டத்தின்மேல், வழுக்காதபடி புடைப்புகள் உள்ள செக்கர் பிளேட் தகடோ, குறுக்குக் கம்பிகளோ பற்றவைத்த பலகை நமக்கு ஏற்றது. பின்டயரின் அகலம் 20 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால், பலகை 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

வடசென்னையில் வாழ்பவர்கள் துருவைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வெளியே கிடக்கும் இரும்பை உப்புக்காற்று எவ்வளவு விரைவாகத் தின்னும் என்பது நமக்குத் தெரியும். பலகையின் நடுப்பகுதி நன்றாகத் தோன்றும். ஆனால் கொக்கி பற்றவைத்த இடத்தில், பெயிண்டுக்கு அடியில், துரு உள்ளே இறங்கியிருக்கும். சிறு சுத்தியலால் பற்றவைப்பை ஒட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். ஒலி மங்கினாலோ பெயிண்ட் செதிலாக உதிர்ந்தாலோ, சுரண்டிப் பார்த்து, மறுபடி பற்றவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

பலகையின் கொக்கி டிரெய்லரின் பின்சட்டத்தில் முழுவதும் அமர்ந்திருந்தால் மட்டும் போதாது. டிராக்டரின் பின்சக்கரம் முன்னேறும்போது அது மிதிக்கும் பலகையைப் பின்னோக்கி உதைக்கிறது. நாம் மாடிப்படியில் வேகமாக ஏறும்போது கால் பின்னோக்கி உந்துவதைப் போன்றது இது. கொக்கி மட்டும் இருந்தால் அந்த உதையில் பலகை மேலெழும்பிக் கழன்றுவிடலாம். ஆகவே ஒவ்வொரு பலகையையும் ஒரு பூட்டு ஊசி (பின்) போட்டோ, சிறு சங்கிலியையும் டி ஷேக்கிள் என்னும் இரும்பு வளையத்தையும் கொண்டோ டிரெய்லர் சட்டத்துடன் கட்டிவிட வேண்டும். பிறகு டேப்பை எடுத்து, டிராக்டரின் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் உள்ள இடைவெளியைத் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பலகையின் அகலத்துக்குள் இரண்டு தடங்களும் அடங்க வேண்டும். அளந்த தடத்தைச் சாக்பீஸால் பலகையின் மீதும், பலகைக்கு முன்னால் தரையில் பத்தடி நீளத்துக்கும் கோடாக வரைந்துகொண்டால், நேராக வருகிறோமா என்பது பலகையைத் தொடும் முன்பே தெரிந்துவிடும்.

முன்பக்கமாகவா, பின்பக்கமாகவா?

எங்கள் பகுதியில் அதிகம் வாதிக்கப்படுவது இந்தக் கேள்விதான். இதற்கு விடை சொல்வதற்குமுன், டிராக்டர் ஏன் பின்னோக்கிக் கவிழ்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. டிராக்டரின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு பின் அச்சில் இருக்கிறது. முன்பக்கமாக மேடேறும்போது மீதி எடையிலும் ஒரு பகுதி பின்னுக்குப் போய்விடும். அந்த நிலையில் கிளட்சை வெடுக்கென்று விட்டாலோ, சக்கரம் எதிலாவது தடைபட்டாலோ, எஞ்சினின் விசை சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக வண்டியின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்சக்கரம் எழத் தொடங்கியதிலிருந்து மீட்க முடியாத நிலையை அடைய ஒரு விநாடிகூட ஆகாது. "தூக்கினால் கிளட்சை மிதித்துவிடலாம்" என்று சொல்பவர்களுக்கு அந்த நேரம் கிடைக்காது.

ஆகவே இரண்டு சக்கர இயக்கம் மட்டும் உள்ள டிராக்டரை, பின்னால் கருவி எதுவும் மாட்டாமல், ரிவர்ஸில் ஏற்றுவதே நல்லது. கனமான பக்கம் மேட்டை நோக்கி இருக்கும்போது வண்டி பின்னோக்கிக் கவிழ வழியில்லை. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 900 கிலோ டிராக்டரை நான்குக்கு ஒன்று என்ற சாய்வில் மேலேற்ற 225 கிலோ அளவுக்கு இழுவிசை வேண்டும். ரிவர்ஸில் ஏறும்போது எடையின் ஒரு பகுதி கீழே இருக்கும் முன்சக்கரங்களுக்கு இறங்கிவிடுவதால், இழுக்கும் பின்சக்கரங்களில் பாதி எடை, அதாவது 450 கிலோ அளவே நிற்கும். அந்த எடையில் பாதிக்குச் சமமான பிடிப்பு டயருக்குக் கிடைத்தாக வேண்டும். உலர்ந்த செக்கர் பிளேட்டில் இது கிடைக்கும். மழையில் நனைந்த இரும்பில், அதிலும் டயர் பட்டனுக்கு இடையே வயல் சேறு ஒட்டியிருக்கும்போது, கிடைக்காமல் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வேலை முடித்துத் திரும்பும்போது டயரைக் கழுவி, பலகையைச் சாக்கால் துடைத்து உலர்த்திய பிறகே ஏற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால், சாய்வு மேலே சொன்ன அளவுக்குள் இருந்து, முன்பக்கத்தில் எடைக்கட்டிகளும் மாட்டியிருந்தால், முன்பக்கமாகவே ஏற்றலாம். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் கருவியை மாட்டியபடி முன்பக்கமாக ஏற்றுவதை மட்டும் எந்த வண்டியிலும் செய்யாதீர்கள். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் அந்த எடை முன்பக்கத்தைத் தூக்கிவிடும். பலகையில் ஏறும்போது அதன் அடிப்பகுதி தரையிலும் இடிக்கும். கழற்றி, செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) கொண்டு தனியே ஏற்றுவதற்குக் கூடுதலாகும் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஏறும் நேரம்

இருக்கையில் உட்காரும் முன், இடது வலது பிரேக் மிதிகளை இணைக்கும் பூட்டைப் போட வேண்டும். வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த மிதிகளோடு பலகையில் ஏறி, ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி பக்கவாட்டில் திரும்பிப் பலகையை விட்டே இறங்கிவிடும். எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. சுழல்தண்டு நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ரோல் பார், அதாவது கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் வளைவுச் சட்டம், உள்ள வண்டியில் அதை நிமிர்த்திப் பூட்டி, பெல்ட்டைக் கட்டாயம் அணிய வேண்டும். ரோல் பார் இல்லாத வண்டியில் பெல்ட் அணியக் கூடாது, ஏனெனில் கவிழும்போது அது ஓட்டுநரை வண்டியோடு கட்டிப் போட்டுவிடும். தொங்கும் துண்டு, அவிழக் கூடிய லுங்கி, வழுக்கும் ரப்பர் செருப்பு ஆகியவற்றை அன்று ஒருநாள் தவிர்த்துவிடுங்கள். மட்கார்டின்மேல் யாரும் உட்காரக் கூடாது. பிள்ளைகளை அந்த இடத்துக்கே விடக் கூடாது.

வழிகாட்ட ஒருவர் போதும். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் "வா வா", "ஒடி ஒடி" என்று கத்தினால் ஓட்டுநர் யார் சொல்லைக் கேட்பார்? அந்த ஒருவரும் பலகைக்குப் பக்கத்திலோ வண்டிக்குக் கீழ்ப்புறத்திலோ நிற்கக் கூடாது. ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி, பலகையின் நீளத்தைவிட அதிகமான தூரத்தில், ஒதுங்கி நிற்க வேண்டும். எஞ்சின் ஓசையில் குரல் கேட்காது என்பதால், கை உயர்த்தினால் நிறுத்து என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கை உயர்ந்தால், "என்ன அண்ணே, சரியாத்தானே வருது?" என்று கேட்டுக்கொண்டே நகராமல், உடனே நிறுத்த வேண்டும்.

லோ (மெதுவோட்ட) கியர் வரிசையில் மிகக் குறைந்த கியரைப் போட்டு, எஞ்சினைச் சீரான மிதவேகத்தில் வைத்து, பலகையைத் தொடுவதற்குமுன் தரையிலேயே கிளட்சை முழுவதும் விட்டிருக்க வேண்டும். அதன்பின் தளத்தை அடையும்வரை கிளட்சைத் தொடாமல், கியரை மாற்றாமல், ஸ்டீயரிங்கை மிகச் சிறிதே அசைத்து ஏற வேண்டும். பலகையில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால், வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சினின் பிடி அறுந்து, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சக்கரம் தளத்தின் விளிம்பில் ஏறும் இடத்தில் வண்டி லேசாகத் துள்ளும். அப்போது பதறி முடுக்கவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். வயிற்றுப் பகுதி விளிம்பில் இடிக்குமா என்பதை முதல் தடவை ஏற்றும்போது குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதி வழியில் கோணலாகிவிட்டால் மேலேயே திருத்த முயலாமல், இறங்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். எஞ்சின் நின்றுபோனால், இரண்டு பிரேக்கையும் அழுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்து, முதலில் மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளுங்கள். ரிவர்ஸில் ஏறிக்கொண்டிருந்தால், மறுபடி முடுக்கி, லோவில் முதல் கியரைப் போட்டு, பிரேக்கை மெல்லத் தளர்த்தியபடியே கிளட்சை முழுவதும் விட்டு, எஞ்சினின் பிடியில் முன்னோக்கி இறங்கலாம். முன்பக்கமாக ஏறும்போது நின்றிருந்தால், அந்த இடத்திலிருந்து மேல்நோக்கிக் கிளப்புவதுதான் கவிழ்வதற்கான நேர்வழி. ஆகவே லோ ரிவர்ஸில், மிக மெதுவாக, திடீர்ப் பிரேக் இல்லாமல் இறங்க வேண்டும். பின்னோக்கி இறங்கும்போது வெடுக்கென்று பிரேக் பிடித்தாலும் முன்பக்கம் எழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நிறுத்தும் இடமும் கட்டும் முறையும்

டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியில் இறங்குமாறு டிராக்டரை நிறுத்த வேண்டும். டிராக்டரின் எடைமையம், அதாவது அதன் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே பின் அச்சுக்குச் சற்று நெருக்கமாக உள்ள இடம், டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் வந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிக்கப்பின் பின்புறம் லேசாக அமர்ந்து, டிரெய்லர் தளம் மட்டமாக நிற்பதே அடையாளம். வால்பாரம் கூடினால், வேகமெடுத்தவுடன் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அதை ஸ்டீயரிங்கால் அடக்குவது மிகக் கடினம்.

கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குத் தடைக்கட்டை போட்ட பின், நான்கு மூலையிலிருந்தும் நான்கு தனித்தனிச் சங்கிலிகளாலோ ராட்செட் பெல்ட்டுகளாலோ கட்ட வேண்டும். நைலான் கயிறு இழுபட்டு நீளும் என்பதால் அதை நம்பக் கூடாது. ஐரோப்பியத் தரவிதிகள், சுமையின் எடையில் 80 விழுக்காட்டை முன்னோக்கியும், 50 விழுக்காட்டைப் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் தாங்கும் அளவுக்குக் கட்டச் சொல்கின்றன. நம் சாலைப் பள்ளங்களுக்கு அதைக் குறைந்த அளவாகவே கொள்ள வேண்டும். பின்புறத்தில் அச்சுக் கூட்டிலும், முன்புறத்தில் எடைக்கட்டி மாட்டும் உறுதியான சட்டத்திலும் கட்டலாம். டை ராடு (ஸ்டீயரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பி), ஹைட்ராலிக் குழாய் ஆகியவற்றில் கொக்கி படவே கூடாது. டயர்கள் அதிர்வில் அமுங்கும்போது கட்டு தளரும் என்பதால், முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்க வேண்டும். வியாசர்பாடிப் பக்கத்து ரயில்வே சுரங்கப்பாதைகள் வழியே போவதானால், தரையிலிருந்து ரோல் பாரின் உச்சிவரை முன்பே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும் இடத்தில் களைப்பும் அவசரமும் சேர்ந்துகொள்வதால், வாலுக்கு முட்டுக் கொடுப்பதை அங்கே மறந்துவிடுகிறார்கள். முட்டும், தடைக்கட்டைகளும், பலகைச் சங்கிலியும் முன்போலவே அமைந்த பிறகே கட்டுகளை அவிழ்க்க வேண்டும். ரிவர்ஸில் ஏற்றியதை முன்பக்கமாகவும், முன்பக்கமாக ஏற்றியதை ரிவர்ஸிலும் இறக்க வேண்டும். இரண்டு சக்கர இயக்க டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே; முன்பக்கமாக இறங்கும்போது அவை மேட்டுப் பக்கம் இருந்து பாரம் குறைந்திருப்பதால், பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றும் வண்டி வழுக்கலாம். ஆகவே ஆக்சிலரேட்டரைக் குறைத்து, லோ முதல் கியரில், எஞ்சினின் பிடியிலேயே இறங்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்.

வேலை முடிந்து வீடு திரும்பியதும் பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் சாய்த்து வையுங்கள். கொக்கிக்கும் பின்னுக்கும் எண்ணெய் இடலாம். டயர் மிதிக்கும் மேற்பரப்பில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெயும் படக் கூடாது.